முதலில் நோட்டு, அப்புறம் துட்டு

அண்ணாச்சியிடம் கேளுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஊரில் பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து மன்றம் வைத்திருக்கிறோம், மாலை வகுப்பு நடத்துகிறோம், கபடி ஆடுகிறோம், இதற்கெல்லாம் பணம் எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்து முப்பது வருடம் கழித்தவன் நான், இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

*

அண்ணாச்சி, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊர்ப் பையன்கள் 22 பேர் சேர்ந்து ஐந்து நாள் சமைத்துப் போட்டோம். பணம் எல்லாம் ஒரு நண்பனின் கூகுள் பே-க்குத்தான் வந்தது, ஒரு லட்சத்து எண்பதாயிரம் பக்கம். மிச்சத்தை வைத்து இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். ஊரில் சிலர் 'அந்தத் துட்டு என்னாச்சு' என்று கேட்கிறார்கள், நண்பன் மனம் நொந்து ஒதுங்கிவிட்டான். சங்கமாகப் பதிவு செய்துவிட்டால் இந்தப் பேச்சு நிற்குமா?
— ஒரு வாசகர், வீரவநல்லூர் பக்கம்

நிற்காது தம்பி. பதிவுச் சான்றிதழை நீட்டினால் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது, கணக்கை நீட்டினால்தான் ஆகும். கேட்கிறவர்கள் மேல் கோபப்படவும் வேண்டாம். நம் ஊரில் கோயில் கொடைவிழா எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போடுகிறோம், வீடு வீடாகப் போய் வாங்குகிறோம், எட்டாம் நாள் கொடை முடிந்ததும் பந்தலுக்குள் சமுக்காளத்தை விரித்து உட்கார்ந்து ஒருவர் நோட்டை வாசிக்கிறார். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு. பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர் 'தேங்காய் எத்தனைடே வாங்குனிய?' என்று கேட்பார். அவருக்குச் சந்தேகம் இருந்து கேட்கவில்லை, கேட்பது அவருடைய உரிமை, தலைக்கட்டு வரி கொடுத்தவர் அவர். வாசிக்கிறவரும் கோபப்படாமல் விரலால் வரியைத் தேடி 'எழுபத்தஞ்சு, அண்ணாச்சி' என்பார். நம் ஊர் மக்கள் பொதுப்பணத்தை இப்படித்தான் பழகியிருக்கிறார்கள், உங்களிடமும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

அதனால் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். நண்பனை அவன் வீட்டில் போய்ப் பாருங்கள், தனியாக விடாதீர்கள். இரண்டு பேர் அவனோடு வங்கிக்குப் போய் 2023 டிசம்பர் முதல் இன்றுவரை உள்ள கணக்கு விவரத்தை அச்செடுத்து வாங்குங்கள். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு என்று ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். அரிசிக்கடை ரசீது இருக்கிறதா, ஒட்டுங்கள். ரசீது இல்லாத செலவுக்கு, காய்கறி வண்டிக்காரருக்குக் கையில் கொடுத்தது மாதிரி, 'இன்ன தேதி, இன்ன பொருள், இவ்வளவு, யார் கொடுத்தது' என்று ஒரு வவுச்சர் எழுதி இருவர் கையெழுத்துப் போடுங்கள். நண்பன் சொந்தச் செலவுக்கு இடையில் ஐந்நூறு எடுத்திருந்தாலும் அதையும் எழுதித் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். முடித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பொது இடத்தில் வைத்து வாசியுங்கள். நண்பன் வாயாலேயே வாசிக்கட்டும்.

இன்னொன்று, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் ஒருவர் கணக்குக்கு இலவசமாக வந்தால் வருமான வரிக்காரர்கள் அதை அவருடைய வருமானமாகவே பார்க்க இடம் இருக்கிறது. பொதுக் காரியத்துக்கு வந்தது, பொதுக் காரியத்துக்கே போனது என்று காட்ட இந்த நோட்டுதான் அவனுக்குப் பாதுகாப்பு. அதை எடுத்துக்கொண்டு ஒரு ஆடிட்டரை ஒருதடவை பார்த்துவிடுங்கள். இனிமேல் ஒருவருடைய சொந்தக் கணக்கில் ஊர்ப் பணம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு பதிவுக்குப் போங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் போதும். பைலா, அதாவது சங்கத்தின் விதிகளை எழுதி, உங்கள் பகுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கணினிக் கடையில் இருக்கிற ஏதோ ஒரு பைலாவில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி வாங்கிவிடாதீர்கள். நான் இருபத்திரண்டு வயதில் எங்கள் ஊரில் ஒரு வாசகசாலையைச் சங்கமாகப் பதிவு செய்த கூட்டத்தில் ஒருவன். பதிவு செய்த அன்று லட்டு கொடுத்தோம். அதோடு சரி. வருடாந்திரப் பொதுக்குழு கூட்டவில்லை, ஆண்டு வரவு செலவைப் பதிவாளருக்கு அனுப்பவில்லை, தலைவர் மும்பைக்குப் போனார், பொருளாளர் திருமணம் ஆகி கோயம்புத்தூர் போனார். ஆறு வருடம் கழித்து ஒரு பெரிய மனிதர் கட்டடத்துக்குப் பணம் தர முன்வந்தபோது, காசோலையைப் போட உயிருள்ள வங்கிக் கணக்கு இல்லை, கையெழுத்துப் போட ஆளும் ஊரில் இல்லை. அவர் இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு அந்தப் பணத்தை வேறு ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கட்டடம் வர இருந்த இடத்தில் இப்போது கருவேலம்தான் நிற்கிறது, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆகவே பைலாவிலேயே எழுதிவையுங்கள்: வங்கியில் மூன்று பேர் கையெழுத்து, அதில் இருவர் போட்டால் செல்லும், ஒருவர் வெளியூர் போனால் எத்தனை நாளுக்குள் மாற்றுவது, வருடத்தில் எந்த மாதம் பொதுக்குழு. நிர்வாகிகள் மாறினால் அதையும் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

*

ஐயா, ஒருவர் போன் செய்து, பெரிய கம்பெனி சமூகக் காரியங்களுக்குச் செலவிடுகிற சி.எஸ்.ஆர். பணம் ஒரு கோடி வாங்கித் தருவதாகவும், 'ஃபைல் சார்ஜ்' இருபதாயிரம் முதலில் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். கம்பெனி முத்திரையோடு கடிதமும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. நம்பலாமா?
— ஒரு மகளிர் மன்றம், களக்காடு

நம்பாதீர்கள். பணம் கொடுக்கிறவன் உங்களிடம் முதலில் பணம் கேட்க மாட்டான். கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. 'ஐம்பது லட்சம் உங்கள் கணக்கில் போடுகிறோம், நாற்பதை ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள், பத்து உங்களுக்கு' என்று சிலர் வருவார்கள். பத்து லட்சம் என்றதும் மனசு ஆடும். அந்த நாற்பதுக்குப் பொய் ரசீது போடுவது நீங்கள், நாளைக்கு விசாரணை என்று வந்தால் உங்கள் கையெழுத்துதான் இருக்கும். வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடுங்கள்.

*

எங்கள் ஊரிலிருந்து கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை கூப்பிடு தூரம். அங்கே இருக்கிற கம்பெனிகளிடம் எங்கள் இளைஞர் மன்றத்துக்கு நிதி கேட்டு நாலு கடிதம் போட்டோம், ஒன்றுக்கும் பதில் இல்லை. சட்டப்படி அவர்கள் தர வேண்டுமாமே?
— ஒரு வாசகர், மானூர் வட்டாரம்

சட்டப்படி அவர்கள் செலவு செய்ய வேண்டும், உங்களுக்குத்தான் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு இது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கிற பகுதிக்கு முன்னுரிமை என்றும் அதில் இருக்கிறது, கல்வி, கிராமப்புற விளையாட்டு, தொழிற்பயிற்சி, சுற்றுச்சூழல் எல்லாமே அந்தப் பட்டியலில் வரும். ஆகவே நீங்கள் கேட்டது தப்பில்லை.

ஆனால் வெளி அமைப்பு ஒன்றின் கையில் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டுமென்றால், அந்த அமைப்பு வருமான வரித் துறையில் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு) என்று நாம் சொல்லும் இரண்டு பதிவும் வாங்கியிருக்க வேண்டும், அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும், சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தைப் போட்டு எண் வாங்கியிருக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து இந்த எண் இல்லாமல் கொடுக்க வழியில்லை. உங்கள் மன்றம் பதிவாகி எட்டு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பெனி அதிகாரி நல்ல மனசுக்காரராக இருந்தாலும் அவர் கை கட்டித்தான் இருக்கும்.

அதற்காக மூன்று வருடம் சும்மா இருக்கவும் வேண்டாம். பணமாகக் கேட்காமல் வேலையாகக் கேளுங்கள். கம்பெனியே நேரடியாகவும் செய்யலாம், ஏற்கெனவே எண் வைத்திருக்கும் வேறு அறக்கட்டளை மூலமாகவும் உங்கள் ஊரில் செய்யலாம். நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகலைப் பார்த்தேன். 'சமுதாய முன்னேற்றத்துக்கும் இளைஞர் எழுச்சிக்கும் பாடுபடும் எங்கள் மன்றத்துக்குத் தாராளமாக நிதியுதவி அளித்து' என்று ஒன்றரைப் பக்கம் போகிறது. எத்தனை பிள்ளைகள், என்ன வகுப்பு, என்ன இல்லை, எவ்வளவு ஆகும், ஒன்றுமே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'தினமும் மாலை ஆறு முதல் எட்டு வரை 41 பிள்ளைகள் சமுதாயக் கூடத்தில் படிக்கிறார்கள், அதில் 14 பேர் பத்தாம் வகுப்பு. இரண்டு குழல் விளக்குதான் இருக்கிறது, பின்வரிசைப் பிள்ளைகள் வாசலில் தெருவிளக்கு வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்காருகிறார்கள். ஆறு விளக்கு, இரண்டு கரும்பலகை, மூன்று மின்விசிறி வேண்டும், இரண்டு கடை விலைப்பட்டியல் இணைத்திருக்கிறோம். மின்கட்டணத்தை ஊர் ஏற்றுக்கொள்கிறது, தீர்மான நகல் இணைப்பில்.' இந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட ஒருவருக்கும் மனசு வராது. தபாலில் போட்டுவிட்டு இருக்காமல், கம்பெனியில் வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டு நேரில் கொடுங்கள்.

நடுவில் தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்து எண் வாங்கி வையுங்கள். 80ஜி வாங்கிய பிறகு நன்கொடை கொடுப்பவருக்குப் பாதித் தொகைக்கு வரிக்கழிவு உண்டு, ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவருக்கும் கிடையாது. இதைக் கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சங்கடம் வேண்டாம்.

*

எங்கள் ஊராட்சிக்கு அரசு கொடுத்த விளையாட்டுப் பொருள்கள் அலுவலகத்தில் பூட்டியே கிடக்கின்றன. கபடி ஆட இடமும் சரியில்லை. யாரைக் கேட்பது?
— கபடிக் குழு, ராதாபுரம் பக்கம்

2024-ல் ஊராட்சிகளுக்கு வந்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பைச் சொல்கிறீர்கள், 33 வகைப் பொருள். அது உங்களுக்காக வந்ததுதான், கேட்டு வாங்குங்கள். கொடுக்க ஏன் தயங்குகிறார்கள் என்றும் பாருங்கள், காணாமல் போனால் யார் பொறுப்பு என்ற பயம்தான் பெரும்பாலும். 'நாங்கள் வாங்குகிற தேதி, திருப்பித் தருகிற தேதி எழுதி ஐந்து பேர் கையெழுத்துப் போடுகிறோம்' என்று ஒரு நோட்டோடு போங்கள், சாவி வந்துவிடும்.

மைதானத்துக்கு, கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பத்துப் பையன்கள் போய்க் கைகட்டி நிற்காமல் அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் விசாரியுங்கள். மூன்று லட்சம் வேலைக்கு ஊர்ப் பங்கு ஒரு லட்சம். கொடைக்கு ஒரே மாதத்தில் இதைவிட அதிகமாக வசூலிக்கிற ஊர்கள் நம்முடையவை.

*

அண்ணாச்சி, அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார், பாய் நெய்கிறவர். எனக்கு 24 வயது, பி.காம். கோரையில் கைப்பை, மேசை விரிப்பு செய்து விற்கத் தொழில் தொடங்க ஆசை. அம்மா குழுவிலேயே கடன் வாங்கலாம் என்கிறார், எனக்குத் தனியாக வாங்க வேண்டும்.
— ஒரு வாசகி, பத்தமடை

நல்ல ஆசை தங்கச்சி. புவிசார் குறியீடு வாங்கிய பாய் பத்தமடைப் பாய், அந்த ஊர்ப் பெண்ணே அடுத்த படிக்குக் கொண்டுபோவதை நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இரண்டு பேரும் சொல்வது சரிதான், இரண்டையும் வேறு வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழுக் கடனுக்கு 10 லட்சம் வரை வங்கி ஈடு கேட்கக்கூடாது, அது கோரை வாங்க, சாயம் வாங்க என்று சுழற்சிக்கு உதவும். உங்கள் தையல் இயந்திரம், தறி, கொட்டகைக்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் ஊரகப் பகுதியில் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், ஆனால் அந்த மானியத்தைக் கையில் தரமாட்டார்கள், மூன்று வருடம் வங்கியில் உங்கள் பெயரில் தனியாக வைத்திருந்து கடனில் கழிப்பார்கள். 'மானியம் வந்ததும் அதை எடுத்துக் கடையை வைத்துவிடலாம்' என்று கணக்குப் போட்டு மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாநில அரசின் வேலையற்ற இளைஞர் திட்டத்தில் 25 சதவீதம் மானியம். நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் என்றால் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதலில் கேளுங்கள், 35 சதவீத மானியத்தோடு 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. அம்மாவுக்கு 2025-ல் வந்த கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது, அதற்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000.

விண்ணப்பத்துக்கு முன்னால் பத்துப் பை செய்து விற்றுப் பாருங்கள். ஒரு பைக்குக் கோரை எவ்வளவு, சாயம் எவ்வளவு, துணி, ஜிப், உங்கள் நேரம் எத்தனை மணி, விற்ற விலை என்ன, எழுதுங்கள். வங்கி மேலாளர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். அம்மாவின் உழைப்பையும் கூலியாகப் போடுங்கள், வீட்டு ஆள் என்று விட்டுவிடாதீர்கள்.

*

நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட்தான். ஊர் நூலகத்துக்கு நண்பர்கள் சேர்ந்து பணம் அனுப்பினால் வெளிநாட்டுப் பணம் என்று சங்கத்துக்குச் சிக்கல் வருமா?
— ஒரு வாசகர், திசையன்விளை

இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சங்கம் அனுப்பியவரின் பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைக்கட்டும். உங்கள் கூட்டத்தில் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், சிங்கப்பூர்க் குடிமகன் யாராவது இருந்தால் அவர் பணத்தை இதோடு சேர்க்காதீர்கள். அவர் தமிழர்தான், நம் ஊர்க்காரர்தான், ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டுப் பணம், அதற்குத் தனி அனுமதி வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியில் தனிக் கணக்கு வேண்டும். எல்லார் பணத்தையும் ஒருவர் வாங்கி மொத்தமாக அனுப்புவதும் வேண்டாம், அவரவர் அவரவர் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். ஊரில் அரசு நூலகம் இருந்தால் 1,000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆகலாம், பத்து நண்பர்கள் ஆனால் அந்த நூலகருக்கு ஒரு பலம்.

*

எங்கள் மன்றத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும்தான். கீழத்தெருப் பிள்ளைகளும் மாலை வகுப்புக்கு வரக் கேட்கிறார்கள். எங்களுக்குச் சம்மதம், பெரியவர்கள் 'கட்டடத்துக்கு வருடாவருடம் தருகிற பன்னிரண்டாயிரத்தை இனித் தரமாட்டோம்' என்கிறார்கள். வகுப்பும் நிற்கக்கூடாது. என்ன செய்ய?
— பெயர், ஊர் வேண்டாம்

இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை, ஒரு மாணவனை அவன் கூடப் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதியரசர் சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கையும் கொடுத்தது. அறிக்கை வந்தாலும் ஒன்பதாம் வகுப்புப் பையனும் இன்னொரு ஒன்பதாம் வகுப்புப் பையனும் ஒரே விளக்கின் கீழே உட்கார்ந்து கணக்குப் போடுவதை உங்களை மாதிரிப் பிள்ளைகள்தான் நடத்திக் காட்ட வேண்டும்.

வரச் சொல்லுங்கள். திங்கட்கிழமையே வரச் சொல்லுங்கள். பெரியவர்கள் கட்டடத்தை மூடினால் பள்ளிக்கூட வராந்தாவைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள், அதுவும் இல்லையென்றால் ஊராட்சிக் கட்டடம், அது யாருடைய தெருவுக்கும் சொந்தமில்லை. பெரியவர்களிடம் மரியாதையாகவே பேசுங்கள். 'தாத்தா, நீங்கள் தருவது வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். அது இல்லாமலும் வகுப்பை நடத்துவோம், உங்களை விட்டுவிட்டு நடத்த மனசில்லை' என்று சொல்லுங்கள். வெளியில் யாரிடம் நிதி கேட்டாலும் உறுப்பினர் பட்டியலைப் பார்ப்பார்கள், எல்லாத் தெருவும் அதில் இருக்கிற மன்றத்துக்குத்தான் முதலில் கை நீளும் என்பதையும் சொல்லுங்கள், அது அவர்களுக்குப் புரியும் கணக்கு.

கீழத்தெருவிலிருந்து இரண்டு பேரை நிர்வாகத்திலும் எடுங்கள், ஒருவரைப் பொருளாளராக. பன்னிரண்டாயிரம் குறைந்தால் வகுப்புக்கு மாதம் எவ்வளவு துண்டு விழும் என்று எனக்கு எழுதுங்கள், ஆறு மாதத்துக்கு அதை நான் அனுப்புகிறேன். ரசீது மட்டும் போட்டுவிடுங்கள்.